‘இப்படி அறிவேன்’ என்று சொல்ல முடியுமா?

மஞ்சள் தடவிய தபால் கார்டு ஒன்று, என்றைக்காவது உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். நாற்பதை நெருங்கியவர்களுக்கும் அதைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயம் நினைவிருக்கும்.

நான்கு மூலையிலும் மஞ்சள். நடுவில் இடம் விடாமல் நெருக்கி எழுதிய எழுத்து. ‘ஒரு கோயிலில் பாம்பு தோன்றியது, அது முதியவராக மாறி அர்ச்சகரிடம் பேசியது, இந்தச் செய்தியை 21 பேருக்கு எழுதி அனுப்பியவருக்குப் பணம் கொட்டியது, கிழித்துப் போட்டவர் வீட்டில் சாவு விழுந்தது...’ இப்படிப் போகும் அந்தக் கடிதம். எல்லாம் இருக்கும், எழுதியவர் பெயர் மட்டும் இருக்காது!

செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அப்படி ஒரு கார்டு வந்தது. அப்பா வெளியூரில் வேலையாக இருந்த சமயம். அம்மா பதறிப் போனாள். மறுநாளே 21 கார்டு வாங்கி வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். திண்ணையில் வெற்றிலை இடித்துக் கொண்டிருந்த ஆயா கேட்டாள்:

‘‘பேரு போடத் துணிச்சல் இல்லாதவன் எழுதினதை, நீ எதுக்கும்மா உன் கையெழுத்துல எழுதற?’’

அம்மாவின் கை ஒரு நிமிடம் நின்றது. ஆனால், 21 கார்டையும் எழுதித்தான் முடித்தாள். பயம் அப்படிப்பட்டது!

ஆயா கேட்ட அந்தக் கேள்விக்கு அன்றைக்கு எனக்குப் பொருள் புரியவில்லை. புரிந்துகொள்ள 20 வருடங்களுக்கு மேல் ஆனது. அதுவும் நல்லவிதமாகப் புரியவில்லை. ஒரு தவறு செய்துதான் புரிந்துகொண்டேன். அந்தத் தவறைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப் போகிறேன்.

வலைக்குள் வந்த நண்பர்கள்

செங்கல்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் இளங்கலை படித்துக் கொண்டிருந்தேன். 2006-ம் வருடம் என்று நினைவு. தோழிகள் நாலு பேர் காசு சேர்த்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவோம். மரத்தடுப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, நாலு பேர். எங்களுக்கு அங்கே அறிமுகமானது ‘ஆர்குட்’.

2004 ஜனவரியில் கூகுள் நிறுவனம் தொடங்கிய வலைத்தளம் அது. அதை உருவாக்கிய துருக்கிப் பொறியாளரின் பெயரையே அதற்கும் வைத்திருந்தார்கள். பிரேசிலிலும் நம் நாட்டிலும் அது ஓஹோவென்று ஓடியது. பள்ளிக்கூடத்தோடு காணாமல் போன தோழியைத் திரும்பக் கண்டுபிடித்துக் கொடுத்ததே ஆர்குட்தான். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் இருக்கிறதே... கோயில் திருவிழாவில் தொலைந்த குழந்தை கிடைத்த மாதிரி!

அதில் ‘டெஸ்டிமோனியல்’ என்று ஒரு பகுதி உண்டு. நண்பரைப் பற்றி நாலு வரி நல்லதாக எழுதிக் கொடுக்கலாம். எழுதியவரின் பெயரும் படமும் பக்கத்திலேயே இருக்கும். அதாவது, ‘இவளை எனக்குத் தெரியும், இவள் இப்படிப்பட்டவள்’ என்று பெயர் போட்டுச் சொல்லும் சாட்சி. விளையாட்டாகத்தான் எழுதினோம். ஆனாலும், எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசித்தோம்.

அதே ஆர்குட்டில் ‘ஸ்கிராப்’ என்று இன்னொரு பகுதி. ஒருநாள் அதில் ஒரு செய்தி வந்து விழுந்தது. ‘ஒரு கோயிலில் பாம்பு தோன்றியது...’ அதே கதை! மஞ்சள் மட்டும்தான் இல்லை. கார்டு வாங்கக் காசு வேண்டாம், விளக்கடியில் உட்கார்ந்து கை வலிக்க எழுத வேண்டாம். ‘காப்பி’, ‘பேஸ்ட்’... இரண்டே தட்டு. 21 பேருக்குப் போய்விடும்!

அம்மாவுக்கு அன்றைக்கு 21 கார்டு எழுத இரண்டு ராத்திரி ஆனது. அந்த இரண்டு ராத்திரிக்குள் ஆயா ஒரு கேள்வி கேட்க நேரம் இருந்தது. இரண்டு தட்டுக்கு நடுவில் யார் வந்து கேட்பார்கள்?

ஒரே விரல், இரண்டு வேலை

பிறகு காலம் ஓடியது. 2004-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்காக ஆரம்பிக்கப்பட்ட ஃபேஸ்புக், 2006 செப்டம்பரில் எல்லோருக்கும் கதவைத் திறந்தது. 2009-ல் அதில் ‘லைக்’ பொத்தான் வந்தது. அதே வருடம் வாட்ஸ்அப் பிறந்தது. 2014 செப்டம்பர் 30-ம் தேதி ஆர்குட்டை மூடினார்கள். 2016-ல் ஜியோ வந்த பிறகு இன்டர்நெட் விலை சரிந்து, பூக்கட்டும் அக்கா கையிலும் அர்ச்சகர் மடியிலும் ஸ்மார்ட் போன் வந்துவிட்டது.

இதனால் விளைந்த நன்மையை மறுத்தால் அது நன்றி கெட்டதனம். 2015-ம் வருட மழையை நம்மால் மறக்க முடியுமா? சென்னையும் சுற்றுப்புறமும் வெள்ளத்தில் மிதந்தபோது, யார் எந்த மாடியில் சிக்கியிருக்கிறார்கள், எங்கே படகு வேண்டும், எந்தக் கல்யாண மண்டபத்தில் சாப்பாடு கிடைக்கும் என்று ஊர் பேர் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்தச் செய்திகளால் பசியாறியவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால், அதே மழையில் இன்னொரு செய்தியும் பரவியது. மாமல்லபுரம் போகும் வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறது அல்லவா? 1976-ல் தொடங்கப்பட்ட பழைமையான பண்ணை. ‘வெள்ளத்தில் அங்கிருந்த முதலைகள் தப்பித்து வெளியே வந்துவிட்டன’ என்று கிளப்பிவிட்டார்கள். ‘எல்லா முதலைகளும் பத்திரமாகப் பண்ணைக்குள்தான் இருக்கின்றன’ என்று பண்ணைக்காரர்களே அறிவிக்க வேண்டியதாயிற்று. ஏற்கெனவே இடுப்பளவு தண்ணீரில் நடக்கப் பயந்தவர்களை, தண்ணீருக்குள் முதலை இருக்கிறது என்று வேறு பயமுறுத்தினால் எப்படி இருந்திருக்கும்!

படகு எண்ணை அனுப்பிய விரலும் முதலைக் கதையை அனுப்பிய விரலும் பெரும்பாலும் ஒரே விரல்தான். இரண்டையும் ‘நல்லதுக்குத்தான்’ அனுப்பினோம்.

அந்த ஒரு நிமிடம்

இனி என் கதை.

2018-ம் வருடம், கோடைக்காலம். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் அலுவலகம் போய்க்கொண்டிருந்தேன். பரனூரைத் தாண்டும்போது வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. யாரோ ஒரு பெண்ணின் பதற்றமான குரல். ‘வடநாட்டுக் கும்பல் ஒன்று நம்ம பக்கம் இறங்கியிருக்கு. குழந்தைகளைத் தூக்கிக்கிட்டுப் போறாங்க. மிட்டாய் கொடுத்து மயக்குறாங்க. பிள்ளைங்களை வெளியே விடாதீங்க...’

யார் அந்தப் பெண்? தெரியாது. எந்த ஊரில் எந்தக் குழந்தை காணாமல் போனது? தெரியாது. ஆனால், என் அக்காவின் மகனுக்கு அப்போது நாலு வயது. தெருவில்தான் எந்நேரமும் விளையாடுவான். எங்கள் தெருக்காரர்களின் குழுவுக்கு அந்தப் பதிவை அனுப்பினேன். ‘எல்லோரும் ஜாக்கிரதையாக இருங்கள்’ என்று என் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்தேன். கூடவே, கும்பிடும் கை படம் ஒன்று. ரயில் சிங்கப்பெருமாள்கோவிலில் நிற்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. போனைப் பைக்குள் போட்டேன். மனதுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் தெருவுக்குப் பஞ்சு மிட்டாய்க்காரர் வந்தார். வழக்கமாக வருகிறவர்தான். நீளக் கழியில் ரோஸ் நிறப் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, மணி ஆட்டியபடி வரும் வடமாநில இளைஞர். அவர் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. பிள்ளைகளுக்கு அவர் ‘பையா’.

வழக்கமாக வருகிறவர் என்பது அன்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். சட்டையைப் பிடித்தார்கள். போனைப் பிடுங்கிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு சின்னப் பெண் குழந்தையின் படங்கள் வரிசையாக இருந்தன. ‘‘இது யாரு குழந்தை? எங்க வெச்சிருக்க?’’ என்று ஒருவர் கன்னத்தில் அறைந்தே விட்டார். அவர் இந்தியில் ஏதோ சொல்லி அழுதிருக்கிறார். யாருக்கும் புரியவில்லை.

நல்லவேளை... எங்கள் தெருவில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். வடக்கே பல ஊர்களில் இருந்தவர். சத்தம் கேட்டு வெளியே வந்தவர், விசாரித்துவிட்டுச் சொன்னாராம்: ‘‘அடப் பாவிங்களா... அது அவன் மகளாம். ஊர்ல விட்டுட்டு வந்திருக்கான்!’’

கூட்டம் கலைந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். மண்ணில் விழுந்த பைகளைப் பொறுக்கிக்கொண்டு அவர் போனார். அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வரவே இல்லை.

இரவு நான் வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் ஒரு வரி சொன்னார் பாருங்கள்... ‘‘பத்திரிகையில, அதுவும் சாமி பத்திரிகையில வேலை பார்க்குற பொண்ணே போட்டிருக்கு, பொய்யா இருக்குமான்னுதான் எல்லாரும் நம்பிட்டாங்க!’’

சில நாள்கள் கழித்துச் செய்தித்தாளில் அந்தச் செய்தியைப் படித்தேன். உங்களுக்கும் நினைவிருக்கலாம். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே அத்திமூர் கிராமம். சென்னையிலிருந்து குலதெய்வத்தைக் கும்பிட உறவினர்களோடு காரில் போன, அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள், வழியில் குழந்தைகளைப் பார்த்து ஆசையாகச் சாக்லேட் கொடுத்திருக்கிறார். குழந்தை கடத்த வந்தவர் என்று சந்தேகப்பட்டு ஊர்க்காரர்கள் அடித்தார்கள். அந்த அம்மாள் இறந்தே போனார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள்.

குலதெய்வத்தைத் தேடிப் போன பயணம்! இந்தப் பத்திரிகையைப் படித்துவிட்டு எத்தனை குடும்பங்கள் அப்படி வழி விசாரித்துக்கொண்டு, காரை நிறுத்தி நிறுத்திப் போகின்றன! பேப்பரை மடித்து வைத்தேன். என் போனைக் கையில் எடுக்கவே கூசியது. அத்திமூருக்கு நான் எதையும் அனுப்பவில்லைதான். ஆனால், எங்கள் தெருவில் அந்த ரயில்வே பெரியவர் மட்டும் அன்றைக்கு வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால்...?

அது என் பாவமா?

எனக்குள் மூன்று சமாதானங்கள் எழுந்தன. அதை நான் உருவாக்கவில்லை, வந்ததை அனுப்பினேன். கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. குழந்தைகளின் நலனுக்காகச் செய்தேன். நான் மட்டுமா அனுப்பினேன்? ஊரே அனுப்பியது.

இந்த மூன்றையும் நம் முன்னோர் சொன்னவற்றோடு வைத்துப் பார்த்தேன்.

வடமொழியில் ஒரு நீதிமொழி உண்டு. ஒரு செயலின் பலனில் நாலு பேருக்குப் பங்கு என்கிறது அது. செய்தவர், செய்ய வைத்தவர், தூண்டியவர், ‘சரிதான்’ என்று ஆமோதித்தவர். நல்லதானாலும் கெட்டதானாலும் நால்வருக்கும் சம பங்காம். கோயில் திருப்பணி பற்றிப் பேசும்போது இதை அடிக்கடி சொல்வார்கள். ‘பணம் கொடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, மனதார வாழ்த்துங்கள், உங்களுக்கும் புண்ணியம் உண்டு’ என்பார்கள். கேட்க இனிமையாக இருக்கும். புண்ணியத்தில் பங்கு என்றால் கையை நீட்டுகிறோம். அதே கணக்கு பாவத்துக்கும் உண்டு என்பது மட்டும் நமக்கு மறந்துவிடுகிறது. ‘லைக்’ போடுவது என்ன? ஆமோதிப்பதுதானே!

சம பங்கு என்பது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். கன்னத்தில் அறைந்தவரும், ரயிலில் உட்கார்ந்து பொத்தானை அழுத்திய நானும் ஒன்றா? ஒன்றில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால், பங்கு குறையலாமே தவிர, இல்லாமல் போய்விடாது. ஊரே சேர்ந்து செய்தது என்பதால், என் கணக்கை ஊர் கட்டப்போவதும் இல்லை.

தரையிறங்கிய தேர்

‘நல்ல எண்ணத்தில்தானே அனுப்பினேன்’ என்ற சமாதானம்தான் என்னை விட்டுப் போக மறுத்தது. அதற்கான பதில் மாமல்லபுரத்தில் கிடைத்தது. ஒரு கட்டுரைக்காகப் போயிருந்தேன்.

அங்கே அர்ஜுனன் தபசு சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். ‘அது அர்ஜுனன் இல்லை, கங்கையைக் கொண்டுவந்த பகீரதன்’ என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. யாராக இருந்தாலும், யானைகளுக்குப் பக்கத்தில் ஒரு பூனை நிற்பதை மறக்காமல் பாருங்கள். முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள்! கங்கைக்கரையில் தவசியாக வேஷம் போட்டு, நம்பி வந்த எலிகளைத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்தில் வருகிறது. பொய்ப் படம் வைத்துப் பொய்க் கணக்கு தொடங்கி ஏமாற்றுகிறவர்களைப் பற்றி நினைத்தால் எனக்கு இந்தப் பூனைதான் ஞாபகத்துக்கு வரும்.

ஆனால், பூனையைப் பற்றி நான் ரொம்பக் கவலைப்படுவதில்லை. பூனை என்று தெரிந்துவிட்டால் எலிகூட விலகிவிடும். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்து, பஞ்ச ரதங்களுக்குப் போனேன். அங்கே இருக்கும் ஐந்தில் உயரமானது தர்மராஜ ரதம். பாண்டவர்களுக்கும் அந்தக் கற்கோயில்களுக்கும் சம்பந்தம் கிடையாது. பெயர்கள் பிற்காலத்தில் வழங்கியவை. இருந்தாலும், பாறையிலிருந்தே செதுக்கப்பட்டு, அசையாமல் மண்ணில் நிற்கும் அந்த ரதத்தின் எதிரில் நின்றபோது எனக்கு வேறொரு தேர் நினைவுக்கு வந்தது.

குருக்ஷேத்திரத்தில் பதினைந்தாம் நாள் யுத்தம். துரோணரை யாராலும் வெல்ல முடியவில்லை. கண்ணன் ஒரு யோசனை சொல்கிறார். ‘அஸ்வத்தாமா’ என்ற பெயருள்ள யானையை பீமன் கொல்கிறான். ‘அஸ்வத்தாமா செத்தான்’ என்று கூவுகிறான். தன் மகன் பெயரைக் கேட்டுத் துரோணர் கலங்குகிறார், ஆனால், நம்பவில்லை. சொன்னவன் பீமன் ஆயிற்றே! ‘தர்மபுத்திரன் சொல்லட்டும்’ என்கிறார். மூவுலகம் கிடைப்பதாக இருந்தாலும் அவர் வாயிலிருந்து பொய் வராது என்பது துரோணரின் நம்பிக்கை. தர்மர் சொல்கிறார், ‘அஸ்வத்தாமா இறந்தது உண்மை’ என்று. ‘யானை’ என்ற சொல்லை மட்டும் வாய்க்குள் முணுமுணுக்கிறார். துரோணர் ஆயுதத்தைக் கீழே போட்டார். கொல்லப்பட்டார். அதுவரை பூமியைத் தொடாமல் நான்கு விரற்கடை உயரத்திலேயே ஓடிக்கொண்டிருந்த தர்மரின் தேர், அந்தக் கணமே மண்ணில் இறங்கிவிட்டது.

கவனித்தீர்களா? யோசனை தர்மருடையது இல்லை. யானையைக் கொன்றதும் அவர் இல்லை. முதலில் கூவியதும் அவர் இல்லை. வேறொருவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். தன் தரப்பைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால், அவர் சொன்னதால்தான் அது நம்பப்பட்டது. பீமன் வாயில் வெறும் சத்தமாக இருந்த ஒன்றுக்கு, தர்மர் தன் நல்ல பெயரைக் கொடுத்து உயிர் கொடுத்துவிட்டார். கடைசியில், அதற்காக அவர் நரகத்தைக் கண்ணால் பார்க்க நேர்ந்ததாக இதிகாசம் சொல்கிறது.

‘சாமி பத்திரிகையில வேலை பார்க்குற பொண்ணே போட்டிருக்கு...’ பக்கத்து வீட்டு அக்கா சொன்னது அங்கே மறுபடி என் காதில் கேட்டது. முகம் தெரியாத பெண்ணின் குரல் பதிவை எங்கள் தெரு நம்பவில்லை. என் முகத்தை நம்பியது.

உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. நீங்கள் அனுப்பும் செய்தியை உங்கள் சித்தி ஏன் நம்புகிறார்? எழுதியவர் யாரென்று அவருக்குத் தெரியாது. அனுப்பியது நீங்கள் என்று தெரியும். உங்களைத் தெரியும். எல்லோருக்கும் அவரவர் வீட்டில், அவரவர் தெருவில், பூமியைத் தொடாத ஒரு தேர் உண்டு. இத்தனை வருடம் நேர்மையாக வாழ்ந்து சம்பாதித்த தேர் அது.

கல்லில் எழுதியவர்கள்

மாமல்லபுரத்துக்கு வடக்கே, புலிக்குகைக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்து போன பிறகு, மணலில் புதைந்து கிடந்த கல்வெட்டு ஒன்று அங்கே வெளிப்பட்டது. அதைப் படித்த தொல்லியல் துறையினர் தேடித் தோண்டியதில், 2005-ல் செங்கல்லால் கட்டிய பழமையான முருகன் கோயில் கிடைத்தது. முன்னால் கல்லால் ஆன வேல்! பல்லவர் காலத்துக்கும் முந்தைய அடித்தளம் கொண்டது என்கிறார்கள். அங்கு கிடைத்த கல்வெட்டுகள், அந்தக் கோயிலுக்குப் பொன் கொடுத்தவர்களைப் பற்றிச் சொல்கின்றன.

பல நூறு வருடம் மணலுக்குள் கிடந்த செய்தி, வெளியே வந்ததும் ஒரு கோயிலையே காட்டிக் கொடுத்தது. ஏன் தெரியுமா? பொய் இல்லாததால்!

கல்லூரியில் கல்வெட்டுப் பாடம் படித்தபோது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தமிழ்க் கல்வெட்டுகளில் யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்பது மட்டும் இருக்காது. கையெழுத்துப் போட்டவர், ‘இவை என் எழுத்து’ என்று தன் பெயரோடு ஒப்புக்கொள்வார். சாட்சியாக நின்றவர், ‘இப்படி அறிவேன்’ என்று தன் பெயரோடு சொல்லியிருப்பார்.

இப்படி அறிவேன்! இரண்டே சொற்கள். ‘இது எனக்குத் தெரியும், நாளைக்கு யாராவது கேட்டால் வந்து நிற்பேன்’ என்று பொருள்.

இப்போது நாம் என்ன போடுகிறோம்? ‘ஃபார்வர்டட் ஆஸ் ரிசீவ்ட்’. வந்ததை அப்படியே அனுப்புகிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது, என்னைக் கேட்காதீர்கள்! தெரியாது என்றால் எதற்காக அனுப்ப வேண்டும்? ஆயா திண்ணையிலிருந்து கேட்டதும் இதைத்தானே!

2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், நம் நாட்டில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கியது. நல்லதுதான். ஆனால், எத்தனை பேருக்கு என்பதைத்தான் இயந்திரம் தடுக்கும். எங்கள் தெருவில் அந்த இளைஞர் அழுததற்கு ஒரே ஒரு குழுவுக்கு அனுப்பியதே போதுமானதாக இருந்தது.

எந்தத் தலத்தில் பரிகாரம்?

வாரா வாரம் பரிகாரத் தலங்களைப் பற்றி எழுதுகிறவள் நான். கடன் தீர, திருமணத் தடை நீங்க, நாக தோஷம் விலக என்று உங்களுக்கு வழி சொல்கிறேன். என் இந்தப் பாவத்துக்கு எந்த ஊர்க் கோயிலில் விளக்கேற்றுவது?

துர்வாசர் கதை உங்களுக்குத் தெரியும். அம்பரீஷ மன்னருக்குத் தீங்கு செய்யப் போய், சக்கராயுதம் துரத்த, மூவுலகமும் ஓடினார். பிரம்மாவால் காப்பாற்ற முடியவில்லை; சிவனாரும் கைவிரித்தார். வைகுண்டத்துக்கே ஓடிப் பெருமாள் காலில் விழுந்தபோது பெருமாள் என்ன சொன்னார்? ‘மன்னிக்கும் அதிகாரம் என்னிடம் இல்லை. அம்பரீஷனிடமே போ!’ என்றார். மனிதருக்குச் செய்த தவறுக்கு மன்னிப்பு, அந்த மனிதரிடம்தான்.

நான் என் அம்பரீஷனைத் தேடினேன். பஸ் ஸ்டாண்டு, ஸ்டேஷன், செங்கல்பட்டில் பஞ்சு மிட்டாய் விற்கிறவர்கள் தங்கும் இடம் என்று விசாரித்தேன். பெயர் தெரியாத ஒருவரை எப்படித் தேடுவது? இத்தனை வருடம் தெருவுக்கு வந்தவரின் பெயரை ஒருநாளும் கேட்காமல் இருந்திருக்கிறோம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவர் கிடைக்கவில்லை.

என்னால் முடிந்தது ஒன்றுதான். எந்தக் குழுவில் அந்தப் பதிவைப் போட்டேனோ, அதே குழுவில் எழுதினேன். ‘நான் அனுப்பியது பொய்ச் செய்தி. விசாரிக்காமல் அனுப்பியது என் தவறு. அந்த இளைஞருக்கு நேர்ந்ததில் எனக்குப் பங்கு இருக்கிறது.’ கீழே என் முழுப் பெயரையும் போட்டேன். ‘விடும்மா, நல்லதுக்குத்தானே போட்ட’ என்று இரண்டு பேர் பதில் போட்டார்கள். மற்றவர்கள் பேசவில்லை. பொய் போன வேகத்தில் திருத்தம் போகவில்லை. ஆனாலும், பொய் போன அதே வழியில் திருத்தமும் போகத்தான் வேண்டும். அதில் நம் மானம் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை.

அன்று முதல் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் சொல்கிறேன். கையில் ஒரு செய்தி வந்ததும், அதை அனுப்புமுன் மூன்று கேள்விகள். நான் பார்த்தேனா? பார்த்தவர் யாரையாவது கேட்டேனா? கீழே என் பெயரைப் போட்டு, ‘இப்படி அறிவேன்’ என்று எழுதுவேனா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால், செய்தி என்னோடு நிற்கட்டும்.

‘அவசரத்தில் உயிர் காக்கும் செய்தியாக இருந்தால்?’ என்று கேட்பீர்கள். ரத்தம் தேவை என்று வருகிறதா? அதிலிருக்கும் எண்ணுக்கு முதலில் நீங்களே ஒரு போன் செய்யுங்கள். இரண்டு நிமிடம் ஆகும். உண்மையானால், அந்த இரண்டு நிமிடம் உங்கள் சொல்லுக்குப் பலம் சேர்க்கும். எப்போதோ ரத்தம் கிடைத்து முடிந்துபோன விஷயம் என்றால், அடுத்த நூறு பேரின் நேரத்தைக் காப்பாற்றுவீர்கள்.

அன்றைக்கு மஞ்சள் கார்டு எழுதிய என் அம்மா, இப்போது வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்தால் போனைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுகிறாள். ‘‘இது நெசமான்னு பார்த்துச் சொல்லு. அப்புறம் அனுப்பறேன்.’’ பல நேரம் எனக்கும் தெரிவதில்லை. ‘‘தெரியலைம்மா’’ என்கிறேன். ‘‘அப்ப வேணாம்’’ என்று அழித்துவிடுகிறாள். ஆயா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

அடுத்த முறை மாமல்லபுரம் போனால், கடற்கரைக் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். சாளுவன்குப்பத்துக்கும் போய் வாருங்கள். மணலுக்குள்ளிருந்து வந்த முருகன் கோயிலின் முன்னால் நின்று, நீங்கள் கடைசியாக அனுப்பிய செய்தி எது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

சாயங்காலத்தில் தெருவில் மணிச் சத்தம் கேட்டால், நான் இன்றும் வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன். என்றாவது ஒருநாள் அவராக இருந்தால், முதலில் பெயரைக் கேட்க வேண்டும். அதற்கு அந்தக் கந்தவேள்தான் அருள வேண்டும்!